எச்டி802வா, எஸ்பிஏ112வா? லண்டன் வீட்டுத் தொலைபேசிக்கான அடாப்டர் அலசல்

பிரித்தானியாவில் செப்புக் கம்பிவழித் தொலைபேசிச் சேவை 2027 ஜனவரி இறுதியோடு நிறுத்தப்படவிருக்கிறது. முதலில் 2025 டிசம்பர் என்று குறித்திருந்த கெடுவை, பழைய கம்பியை நம்பியிருக்கும் முதியோரின் அவசர உதவிக் கருவிகளை முன்னிட்டுத் தள்ளிவைத்தார்கள். வடமேற்கு லண்டனில் இருக்கும் எங்கள் அம்மா, உறவினர் எல்லோருக்கும் மனப்பாடமான தன் எண்ணையும், பெரிய பொத்தான்கள் கொண்ட தன் ஃபோனையும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஆகவே எண்ணை ஓர் இணையத் தொலைபேசி நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டு, ஃபோனை ஓர் அடாப்டரில் (சாதாரண ஃபோனை இணையத்தோடு இணைக்கும் சிறு பெட்டி) செருகுவது என்று முடிவு செய்தேன். கையில் ஏற்கெனவே ஒரு சிஸ்கோ எஸ்பிஏ112 இருந்தது. புதிதாகக் கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி802 ஒன்றையும் வாங்கினேன். ஒரே ஃபோன், ஒரே கணக்கு என்று வைத்து இரண்டையும் தலா மூன்று வாரம் ஓடவிட்ட பிறகு, எச்டி802 நிலைத்துவிட்டது.

ரவுட்டரின் பின்புறத்திலேயே ஃபோன் போர்ட் இருக்கும்போது தனி அடாப்டர் எதற்கு என்று கேட்கலாம். அந்தப் போர்ட் பெரும்பாலும் அதைக் கொடுத்த நிறுவனத்தின் சேவைக்கு மட்டுமே உழைக்கும். அதன் அமைப்புகளில் நாம் கைவைக்கவும் இடம் இருக்காது.

பொதுவானவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டிலும் இரண்டு ஃபோன் போர்ட்கள் உண்டு. இரண்டும் இணையவழி அழைப்புகளுக்கான பொது நெறிமுறையான எஸ்ஐபி முறையில் இயங்குபவை. குரல் தெளிவில் என் காதுக்கு வேறுபாடு தெரியவில்லை. தொலைநகலுக்கான டி.38 வசதியும் இரண்டிலும் இருக்கிறது, ஆனால் எங்கள் வீட்டில் தொலைநகல் இல்லாததால் என் தீர்ப்பைக் குரல் அழைப்புக்கு மட்டுமானதாகக் கொள்ளுங்கள். அடாப்டரின் ஐபி முகவரியை அறிய, சிஸ்கோவில் ஃபோனை எடுத்து நான்கு நட்சத்திரமும் பிறகு 110#உம் அழுத்த வேண்டும். கிராண்ட்ஸ்ட்ரீமில் மூன்று நட்சத்திரமும் 02உம். அந்த முகவரியை உலாவியில் இட்டால் அமைப்புப் பக்கம் திறக்கும்.

உண்மையான வேறுபாடு ஃபோன் போர்ட் அமைப்புகளில்தான் தொடங்குகிறது. இரண்டு கருவிகளும் அமெரிக்க ஃபோனுக்கு ஏற்ற அமைப்போடுதான் பெட்டியிலிருந்து வருகின்றன. அமெரிக்க முறையில், அழைப்பவரின் எண் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவே அனுப்பப்படுகிறது. பிரித்தானிய ஃபோனோ, மணி அடிப்பதற்கு முன்பே கம்பியின் துருவம் மாறுவதையும், அதைத் தொடர்ந்து வரும் எச்சரிக்கை ஒலியையும் எதிர்பார்த்துக் காத்திருக்கும். அமைப்பை மாற்றாவிட்டால் மணி அடிக்கும், பேசவும் முடியும். திரை மட்டும் வெறுமையாக இருக்கும். யார் அழைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டே ஃபோனை எடுக்கும் ஒருவருக்கு இது சிறிய குறை அல்ல.

எச்டி802இல் போர்ட்டின் பக்கத்திலேயே அழைப்பவர் எண் முறை என்ற பட்டியலைத் திறந்து, பிரித்தானியத் தொலைபேசி நிறுவனமான பிடி வகுத்த எஸ்ஐஎன் 227 என்ற வரியைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. எஸ்பிஏ112இல் வட்டார அமைப்புப் பக்கத்துக்குப் போய், துருவ மாற்றத்துடன் கூடிய பிரித்தானிய முறையைத் தேர்ந்தெடுத்து, அதற்குக் கீழே பெல் 202 என்றிருக்கும் சமிக்ஞைத் தரத்தையும் வி.23 என்று தனியாக மாற்ற வேண்டும். முதல் மாற்றத்தைச் செய்துவிட்டு இரண்டாவதைத் தவறவிட்டதால், ஒரு மாலை முழுவதும் வெறுந்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மின்மறுப்பு அமைப்பும், அதாவது போர்ட்டின் மின்தடையை ஃபோனுக்குப் பொருந்தவைக்கும் அமைப்பும், அப்படித்தான். சிஸ்கோ 370 ஓம், 620 ஓம், 310 நானோஃபாரட் என்ற மதிப்புகளாகவே பட்டியலிடுகிறது. பிரித்தானியக் கம்பிக்கு அந்தச் சேர்க்கைதான் உரியது என்று நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கிராண்ட்ஸ்ட்ரீமில் நாட்டின் பெயரையே தேர்ந்தெடுக்கலாம். பொருந்தாத மதிப்பில் இருந்தபோது அம்மாவுக்குத் தன் குரலே காதில் பலமாகத் திரும்பிக் கேட்டது, அதனால் அவர் தணிந்த குரலில் பேச, மறுமுனையில் இருந்தவர்கள் சத்தமாகப் பேசச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

இந்த வட்டார அமைப்புகளை சிஸ்கோ கருவி முழுமைக்கும் பொதுவாக வைத்திருக்கிறது; கிராண்ட்ஸ்ட்ரீம் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனியாகத் தருகிறது. எங்களுக்கு இது நேரடியாகவே உதவியது. டொரன்டோவிலிருந்து தம்பி கொண்டுவந்த கம்பியில்லா ஃபோன் இரண்டாம் போர்ட்டில் வட அமெரிக்க முறையிலும், அம்மாவின் ஃபோன் முதல் போர்ட்டில் பிரித்தானிய முறையிலும் இன்று ஒரே பெட்டியில் இயங்குகின்றன.

எந்த அடாப்டரை வாங்கினாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. பழைய பிரித்தானிய ஃபோன்கள் மணி அடிக்க மூன்றாவது கம்பியை எதிர்பார்ப்பவை. அடாப்டரின் போர்ட்டோ இரண்டு கம்பிகளையே தருகிறது. இடையில் போடும் மாற்றுச் செருகியில் 1.8 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இருந்தால்தான் அத்தகைய ஃபோன் ஒலிக்கும். நான் முதலில் வாங்கிய மலிவான செருகியில் அது இல்லை.

எண் சுழற்றும் விதிகளில் இருவரும் ஏறக்குறைய சமம். லண்டனுக்குள் எட்டு இலக்கம் மட்டும் அழுத்திப் பழகியவர் அம்மா; 3, 4, 7, 8 ஆகியவற்றில் தொடங்கும் எட்டு இலக்க எண்ணுக்கு முன்னால் 020 சேர்க்கும் விதியை இரண்டிலும் எழுதலாம். கோண அடைப்புக்குள் சிஸ்கோ முக்காற்புள்ளி கேட்கும், கிராண்ட்ஸ்ட்ரீம் சமக்குறி கேட்கும், அவ்வளவுதான். அவசர உதவி எண்ணான 999க்கு எதுவும் ஒட்டிக்கொள்ளாதபடி விதியை எழுத வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கடைசி இலக்கத்துக்குப் பிறகு அழைப்பை அனுப்புமுன் கருவி காத்திருக்கும் நேரத்தில் சிஸ்கோவுக்கே என் வாக்கு: முழுமையடையாத எண்ணுக்கு 10 வினாடி, முழுமையடைந்திருக்கக்கூடிய எண்ணுக்கு 3 வினாடி என்று அது பிரித்துப் பார்க்கிறது. எச்டி802இல் ஒரே கணக்குதான், அதுவும் தொடக்கத்தில் 4 வினாடி. நாட்குறிப்பைப் பார்த்துப் பார்த்து அழுத்தும் விரலுக்கு அது போதாமல் பாதி எண்ணிலேயே அழைப்பு போய்விட்டது. 7 வினாடியாக உயர்த்திய பிறகு சரியானது.

இவ்வளவும் சேர்ந்தும் கூட என் முடிவைத் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது பராமரிப்பு. 2023 மே மாதத்தில் எஸ்பிஏ112இன் நிர்வாகப் பக்கத்தில் மிகக் கடுமையான பாதுகாப்பு ஓட்டை ஒன்று இருப்பதை சிஸ்கோவே அறிவித்தது. மென்பொருளைப் புதுப்பிக்கும் இடத்தில் ஆளை உறுதிசெய்யும் படி இல்லாததால், அந்தப் பக்கத்தை எட்டக்கூடிய எவரும் தாம் விரும்பிய மென்பொருளை ஏற்றிக் கருவியை முழுமையாகக் கைப்பற்றலாம். கருவியின் ஆயுட்காலம் முடிந்துவிட்டதால் திருத்தம் வெளியிடப்போவதில்லை என்றும், ஏடிஏ 190 வரிசைக்கு மாறிக்கொள்ளுமாறும் அதே அறிவிப்பில் சொல்லப்பட்டது. அந்த வரிசையை நான் கையாண்டதில்லை. ஆகவே அது இந்த ஒப்பீட்டில் இடம்பெறவில்லை.

வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கருவியை வெளியிலிருந்து எட்டுவது எளிதல்ல என்பது உண்மைதான். ஆனால் அதே வலைப்பின்னலில் தொலைக்காட்சியும், வாசல் கேமராவும், விருந்தினரின் கைபேசிகளும் இருக்கின்றன; அவற்றில் ஒன்று கெட்டுப்போனால் கதவு உள்ளிருந்தே திறந்துவிடும். அடாப்டருக்குள் இருப்பது அம்மாவின் தொலைபேசிக் கணக்கின் கடவுச்சொல். அதைத் திருடியவர்கள் கட்டணம் மிகுந்த வெளிநாட்டு எண்களுக்கு இரவோடிரவாக அழைத்தால் பில் அவர் பெயருக்குத்தான் வரும். கிராண்ட்ஸ்ட்ரீமின் எச்டி800 வரிசையிலும் 2020இல் ஓட்டைகள் கண்டறியப்பட்டன, ஆனால் அவற்றுக்குத் திருத்திய மென்பொருள் வந்தது. ஓட்டை எந்தக் கருவியிலும் வரலாம். அடைக்க ஆள் இருக்கிறார்களா என்பதையே நான் பார்த்தேன். பழைய பொருள் சந்தையில் எஸ்பிஏ112 மிக மலிவாகக் கிடைப்பதைக் கண்டு வாங்க நினைப்பவர்கள், முதலில் இந்த ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எச்டி802ஐ வைப்பவர்கள், முதல் வேலையாக நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு, அதன் பிறகே போர்ட் அமைப்புகளுக்குப் போகலாம். எல்லாம் சரியாக இயங்கும் நிலையில் அமைப்புக் கோப்பைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் அதோடு, முதல் போர்ட்டின் எண் முறை, மின்மறுப்பு, காத்திருப்பு நேரம் ஆகிய மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கிறேன். நான் ஊரில் இல்லாத நாளில் அம்மாவுக்கு உதவ வருபவர் யாராக இருந்தாலும், அதைப் பார்த்தே சரிசெய்துவிடலாம்.