42 எப்படி 56 ஆனது? வெளிநாட்டுத் தேர்தலை நமக்கு விளக்கும் நாலு வழிகள்

2024 செப்டம்பர் 23, திங்கட்கிழமை சாயங்காலம். தண்டையார்பேட்டையில் எங்கள் படிப்பகத்துப் பலகையில் இரண்டு செய்தித் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் குத்தி வைத்திருந்தேன். இரண்டும் இலங்கை அதிபர் தேர்தல் பற்றியவை. ஒன்றில் அநுர குமார திசாநாயக்க 42.31 சதவீதம். இன்னொன்றில் அதே மனிதர், அதே தேர்தல், 55.89 சதவீதம். குரூப் 2-க்குப் படிக்கும் பெண் ஒருத்தி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாண்ணா இது? பரீட்சையில எதை டிக் பண்றது?"

இரண்டும் சரிதான் என்று சொல்ல ஒரு நொடி போதும். எப்படிச் சரி என்று சொல்ல அரை மணி நேரம் ஆனது, அதையும் அன்று தப்பாகவே சொன்னேன். "தோத்தவங்களுக்குப் போட்ட ஜனங்க ரெண்டாவது விருப்பமா இவருக்குப் போட்டிருக்காங்கம்மா, அதான் ஏறிடுச்சு" என்றேன். நான் படித்த செய்திகள் எல்லாம் அப்படித்தான் தொனித்தன. அந்தத் தப்புக்குப் பிறகு வருகிறேன்.

பகலில் எனக்கு பாரிமுனையில் கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ் வேலை. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் இந்தப் பிள்ளைகளுக்கு நடப்பு நிகழ்வுகள் சொல்லித்தருகிறேன். அன்றிலிருந்து எந்த நாட்டுத் தேர்தல் வந்தாலும், நம்முடைய ஊடகம் அதை என்ன மாதிரி விளக்குகிறது என்று எடுத்துவைக்க ஆரம்பித்தேன். சுற்றிச் சுற்றி நாலு வகைதான்: பத்திரிகையின் பெட்டிச் செய்தி, டிவியின் வண்ண வரைபடம், யூடியூப்காரர்களின் "நம்ம ஊர்ல மாதிரி", எப்போதாவது கண்ணில் படும், சீட்டுப் போட்டு எண்ணிக் காட்டும் மாதிரி எண்ணிக்கை.

பெட்டிச் செய்தியைப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், மனப்பாடம் பண்ண வசதி. அமெரிக்காவா? கீழவை 435, செனட் 100, வாஷிங்டன் நகரத்துக்கு 3, ஆக அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் 538. ஜெயிக்க 270. முடிந்தது. ஆனால் இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு 2016-ஐப் புரிந்துகொள்ளவே முடியாது. ஹிலாரி கிளிண்டன் நாடு முழுக்க 28 லட்சம் ஓட்டுக்கு மேல் கூடுதலாக வாங்கித் தோற்றார். பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றிலும் டிரம்ப் முந்தியதைக் கூட்டினால் 80 ஆயிரம் ஓட்டுகூட வராது. பெட்டி "எத்தனை" என்று சொல்லும், "ஏன்" என்று கேட்டால் வாயைத் திறக்காது. போதாக்குறைக்கு மொழிபெயர்ப்பு வேறு. எலக்டோரல் காலேஜ் என்பது சில இடங்களில் "தேர்தல் கல்லூரி" ஆகிவிடுகிறது. "எந்த காலேஜ்ணா, நம்ம தியாகராயா காலேஜ் மாதிரியா?" என்று ஒரு பையன் கேட்டான். கிண்டல்தான், ஆனாலும் பாதி சந்தேகம் அவன் முகத்தில் இருந்தது. நம்முடைய குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு "வாக்காளர் குழு" என்ற சொல் எப்போதிலிருந்தோ பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதை எடுத்துப்போட என்ன தயக்கம் என்று தெரியவில்லை.

பெட்டி நன்றாக வேலை செய்யும் இடமும் உண்டு. ஜெர்மனியில் கட்சிப் பட்டியலுக்குப் போடும் இரண்டாவது ஓட்டில் 5 சதவீதம் தாண்டாவிட்டால் பொதுவாக நாடாளுமன்றத்துக்குள் நுழைய முடியாது. 2025 பிப்ரவரியில் சாரா வாகன்க்னெக்ட்டின் கட்சி 4.98-இல் நின்றது, ஓர் இடமும் இல்லை. விதி ஒரு வரி, உதாரணம் ஒரு வரி. இதற்கு வீடியோ எதற்கு?

வரைபடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பார்க்க அழகாயிருக்கும். வயோமிங் என்று ஒரு பெரிய சதுரம் சிவப்பாக எரியும், அதற்கு 3 தேர்வாளர் ஓட்டு. அமெரிக்க வரைபடத்தில் எங்கள் ஆர்.கே. நகரைப் போட்டால் ஊசிமுனை அளவுகூட இருக்காது, ஆனால் ஆட்களை எண்ணிப்பாருங்கள். நிலத்தைக் காட்டிவிட்டு ஜனத்தைக் காட்டியதாக நினைத்துக்கொள்வதுதான் வரைபடத்தின் சிக்கல். கலரும் இங்கே உதைக்கிறது. பெரம்பூர் 2011-இல்கூட மார்க்சிஸ்ட் எம்எல்ஏவை அனுப்பிய தொகுதி. அந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் டீக்கடை டிவியில் நாடே சிவந்துகிடப்பதைப் பார்த்து, "அமெரிக்காவுல நம்ம ஆளுங்க இவ்ளோ இருக்காங்களாப்பா?" என்றார். அங்கே சிவப்பு குடியரசுக் கட்சி என்று சொன்னதும் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

அடுத்தது "நம்ம ஊர்ல மாதிரி". இதுதான் ரொம்பப் பரவிய வகை, நேரில் உட்கார்ந்து பேசுகிற சுகமும் இதில் இருக்கிறது. சரியாக அமைந்துவிட்டால் இதை அடிக்க ஆள் கிடையாது. பிரிட்டன் தேர்தலுக்கு ஒரே வாக்கியம் போதும்: நம்ம ஊர்ல மாதிரியேதான், தொகுதிக்கு ஒருத்தர், யாருக்கு அதிகமோ அவருக்கு. 2024 ஜூலையில் தொழிற்கட்சி 33.7 சதவீத ஓட்டில் 650-க்கு 411 இடம் பிடித்தது, ரிஃபார்ம் கட்சிக்கு 14.3 சதவீதம் கிடைத்தும் வெறும் 5 இடம். இதை எங்கள் தெருவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு தமிழ்நாட்டில் சுமார் 47 சதவீத ஓட்டில் ஒரே கூட்டணி 39-க்கு 39 வாரிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் நாங்கள்.

பாதி பொருந்தும் இடத்தில்தான் உவமை கவிழ்க்கும். "அமெரிக்கத் தேர்வாளர்கள் நம்ம எம்எல்ஏ மாதிரி, எல்லாரும் சேர்ந்து முதல்வரைத் தேர்ந்தெடுக்கிற மாதிரி அதிபரைத் தேர்ந்தெடுக்கிறாங்க" என்று நூறு வீடியோவாவது பார்த்திருப்பேன். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் எம்எல்ஏ ஐந்து வருஷம் உட்கார்ந்திருப்பார், தெருவிளக்கு எரியவில்லை என்றால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம், மனசு மாறினால் அவர் ஆட்சியையே கவிழ்ப்பார். அமெரிக்கத் தேர்வாளருக்கு ஒருநாள் வேலை. ஓட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். இந்த உவமையைக் கேட்ட என் பிள்ளைகள் அடுத்து என்ன கேட்டார்கள் தெரியுமா? "அப்போ அங்கேயும் ரிசார்ட்ல அடைச்சு வெப்பாங்களாண்ணா?" உவமை கூட்டிக்கொண்டு போய் விட்ட இடம் அது.

அதே யூடியூப்காரர்கள் வேறு உவமை எடுத்திருக்கலாம். வடசென்னை, தென்சென்னை என்ற தொகுதிப் பிரிவே கிடையாது, தமிழ்நாடு மொத்தமும் ஒரே தொகுதி, யார் ஒரு ஓட்டு முந்துகிறாரோ அவருக்கு 39-ம் என்று வைத்துக்கொள்ளச் சொல்லலாம். மெய்ன், நெப்ராஸ்கா தவிர்த்து அங்கே நடப்பது அதுதான். மாநிலத்துக்கு மாநிலம் ஓட்டின் எடை மாறுவதைச் சொல்ல வேண்டுமா, நம்முடைய குடியரசுத் தலைவர் தேர்தலே இருக்கிறது. தமிழ்நாட்டு எம்எல்ஏ ஒருவரின் ஓட்டு மதிப்பு 176. 1971 மக்கள்தொகையை 234-ஆல் வகுத்து, மறுபடி ஆயிரத்தால் வகுத்தது. நமக்கு எடை ஜனத்தொகையைப் பார்த்து வருகிறது. அங்கே சின்ன மாநிலமானாலும் 3 நிச்சயம் என்பதால், 54 தேர்வாளர்கள் உள்ள கலிபோர்னியாக்காரரைவிட வயோமிங்காரரின் ஓட்டு மூன்று மடங்குக்கு மேல் கனம். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே பிரிகிறது என்று இரண்டையும் சொன்னால்தான் உவமைக்கு மதிப்பு.

இந்த வகையில் நான் கேட்ட ஆகச் சிறந்த விளக்கம் ஊடகத்தில் வரவில்லை. வியாசர்பாடியில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் கடை போட்டிருக்கும் ஓர் ஆயாவிடம் கேட்டது. சின்ன வயதில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவர். 2020 நவம்பரில் அந்த நாட்டுத் தேர்தலில் ஆங் சான் சூ கி கட்சி பெருவெற்றி என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னார்: "நாலு சேர்ல ஒண்ணு மிலிட்டரிக்காரனுக்கு. மீதி மூணுக்குத்தான் எலெக்சன், கண்ணு. குதிக்காத." 2008 அரசியல் சட்டப்படி நாடாளுமன்றத்தில் 25 சதவீதம் ராணுவம் நியமிப்பது. சட்டத்தின் முக்கியப் பகுதிகளைத் திருத்த 75 சதவீதத்துக்கு மேல் வேண்டும். நான் பார்த்த பெட்டிச் செய்தியில் இந்தத் தகவல் ஏழாவது வரியில் இருந்தது, ஆயா அதை முதல் வரியில் வைத்தார். 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி ராணுவம் மீதி மூன்று சேரையும் எடுத்துக்கொண்டது.

இனி இலங்கை. அந்தக் கணக்கை எனக்கு விளங்கவைத்தது நாலாவது வகை. இருபத்தைந்து துண்டுச் சீட்டு, ஒரு பிஸ்கட் டப்பா. போட்டியில் அத்தோ, பரோட்டா, இட்லி, சுண்டல். ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பம் போடலாம், ஒன்று மட்டும் போட்டாலும் செல்லும். இலங்கை விதி அதுதான். பிரித்தோம். அத்தோ 10, பரோட்டா 8, இட்லி 4, சுண்டல் 3. அத்தோ 40 சதவீதம், பாதியைத் தாண்டவில்லை. முதல் இருவரைத் தவிர மற்றவர்களை ஒரேயடியாக வெளியேற்றி, அந்த ஏழு சீட்டில் இரண்டாவது, மூன்றாவது விருப்பத்தைத் தேடினோம். இரண்டு சீட்டில்தான் ஏதாவது இருந்தது. அத்தோவுக்கு ஒன்று, பரோட்டாவுக்கு ஒன்று. அத்தோ 11, பரோட்டா 9.

"பதினொண்ணுன்னா எத்தனை சதவீதம்?" என்றேன்.

"நாப்பத்திநாலு" என்றான் ஒருவன். "இல்லடா, அம்பத்தஞ்சு" என்றாள் அந்தப் பெண். "அஞ்சு சீட்டு செத்துப்போச்சே. இப்போ மொத்தம் இருபதுதான்."

அங்கேதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்து உண்மையான எண்களை எடுத்துப் பார்த்தேன். அநுர முதல் சுற்றில் 56,34,915, கடைசியில் 57,40,179. கூடியது ஒரு லட்சத்து ஐந்தாயிரம் சொச்சம்தான். இரண்டாவதாக வந்த சஜித் பிரேமதாச 43,63,035-இலிருந்து 45,30,902-க்குப் போனார். விருப்ப ஓட்டில் அதிகம் வாங்கியவர் தோற்றவர். 42-ஐ 56 ஆக்கியது யாருடைய இரண்டாவது விருப்பமும் இல்லை, கீழே இருந்த மொத்த எண் சுருங்கியதுதான். நான் அந்தப் பெண்ணிடம் சொன்ன தப்பு இதுதான். "விருப்ப வாக்குகள் எண்ணப்பட்டு 55.89 சதவீதத்துடன் வெற்றி" என்ற வாக்கியத்தில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் படிப்பவர் மனதில் அது பொய்யாகத்தான் இறங்குகிறது.

இதற்கும் உள்ளூர் உவமை உண்டு, 1969 குடியரசுத் தலைவர் தேர்தல். வி.வி. கிரி முதல் எண்ணிக்கையில் 4,01,515, தேவை 4,18,169, விருப்ப ஓட்டுகள் சேர்ந்து 4,20,077. ஆனால் நம்முடையதில் கடைசியில் இருப்பவரை ஒவ்வொருவராக நீக்குவார்கள், தேவை என்று முதலில் குறித்த எண்ணும் நகராது. "கிரி மாதிரி" என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் மறுபடி அதே பள்ளத்தில் விழுந்திருப்பேன்.

சீட்டு முறையிலும் குறை உண்டு. நேரம் தின்னும். அமெரிக்காவுக்கு இதைச் செய்ய ஐம்பது டப்பா வேண்டும். ஒரு நாளிதழின் பக்கத்தில் இருபத்தைந்து சீட்டை வரைந்து காட்ட எந்த ஆசிரியரும் இடம் தரமாட்டார், பக்கத்தில் நகைக்கடை விளம்பரம் காத்திருக்கும். ஆனாலும் இருபது வினாடியில் முடிகிற ஒரு அசைபடமாக டிவிக்காரர்கள் இதைச் செய்யலாம். வரைபடத்துக்குக் கொட்டும் காசில் நாலில் ஒரு பங்கு போதும்.

என் பலகையில் இப்போது வகை பிரித்துத்தான் குத்துகிறேன். ஜெர்மனிக்குப் பெட்டி. பிரிட்டன், மலேசியாவுக்கு ஒரு வரி உவமை. அமெரிக்காவுக்கு உவமையும் அதன் கீழே சிவப்பு மையில் "இங்கே பொருந்தாது" என்று ஒரு குறிப்பும். வரைபடத்தைக் குத்துவதை விட்டுவிட்டேன்.

இலங்கைக்கு பிஸ்கட் டப்பாவையே வைத்திருக்கிறேன். அன்று சுண்டலுக்கு மட்டும் ஓட்டுப் போட்டவன் காசிமேட்டுப் பையன். எண்ணி முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. "என் சீட்டு எங்கண்ணா போச்சு? அந்த இருபதுலயும் இல்ல, இந்தப் பதினொண்ணுலயும் இல்ல." அங்கே அப்படி எத்தனை ஓட்டு என்று நான் எடுத்துவைத்திருந்த துண்டுகளில், வீடியோக்களில் தேடினேன். ஒன்றிலும் இல்லை. செல்லுபடியான மொத்த ஓட்டிலிருந்து கடைசிச் சுற்றின் இரண்டு எண்களையும் கழித்துப் பார்த்தேன். 30 லட்சத்துக்கு மேல் வந்தது.