குக்கர் கேக்கா, ஓடிஜி (கரண்டில் ஓடும் சிறு ஓவன்) கேக்கா?

அம்மா குக்கரில்தான் கேக் செய்வார். அடியில் இரண்டு அங்குலம் ஆற்று மணல். கேஸ்கட், வெயிட் இரண்டையும் கழற்றிவிட்டு, மணல்மேல் ஒரு தட்டு, அதன்மேல் வெண்ணெய் தடவி மைதா தூவிய பாத்திரம். சிறுதீயில் முக்கால் மணி நேரம். மூடித் துளை வழியே வெனிலா வாசம் வந்ததும் துடைப்பக்குச்சியால் குத்திப் பார்ப்பார் (புதுத் துடைப்பம்தான், முகம் சுளிக்காதீர்கள்). அடி நன்றாகச் சிவக்கும், மேலே வெளுத்தே இருக்கும். கவிழ்த்து வைத்தால் சரி.

என் ஓடிஜியில் 170 டிகிரி, 35 நிமிடம். மேலும் கீழும் கம்பி சூடாவதால் மேல்பக்கமும் பொன்னிறம். பாதியில் கரண்ட் போனால் மட்டும் நடுவில் குழிந்துவிடும்; குக்கருக்கு அந்தக் கவலை இல்லை. பிஸ்கட்டுக்கு ஓடிஜிதான், சந்தேகமே இல்லை. அடி முறுகிய அந்த ஓரத் துண்டு வேண்டுமென்றால் இன்னமும் குக்கரைத்தான் இறக்குகிறேன்.