செம்பரத்தைப் பூவா, கடையில் விற்கும் செம்பருத்தித் தேநீரா?

வேலியோரத்துச் செம்பருத்தியைப் பறித்துக் கொதிக்க வைத்துக் குடித்தால் இரத்த அழுத்தம் குறையும் என்று பலரும் நம்புகிறார்கள். அதற்குச் சான்றாக எடுத்துக்காட்டப்படும் புகழ்பெற்ற ஆய்வுகளோ அந்த வேலியோரச் செடியில் நடத்தப்பட்டவை அல்ல. செம்பருத்தித் தேநீர் என்று உலகச் சந்தையில் விற்கப்படுவது பெரும்பாலும் ரோசெல் எனப்படும் ஹைபிஸ்கஸ் சப்டாரிஃபா. நம் வீட்டில் பூப்பது ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ். ஒரே பேரினத்தைச் சேர்ந்தவையாக இருந்தாலும், மருந்தென்று வரும்போது ஒன்றின் பெருமையை மற்றொன்றின் மேல் ஏற்றிச் சொல்வது நோயாளிக்குச் செய்யும் தீங்கு என்றே நான் கருதுகிறேன்.

பெயரிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. சித்த மருத்துவ வழக்கில் நம் தோட்டத்துப் பூவுக்குச் செம்பரத்தை என்று பெயர். செம்பருத்தி என்பது உண்மையில் செந்நிறப் பருத்திச் செடியைக் குறிக்க வேண்டிய சொல். யாழ்ப்பாணத்தார் இன்றும் செவ்வரத்தை என்று சொல்வது மூலத்துக்கு நெருக்கமாக இருப்பதால், இங்கே நானும் செம்பரத்தை என்றே எழுதுகிறேன்.

ரோசெல், ஆந்திரத்தார் கோங்குரா என்று துவையலும் ஊறுகாயும் செய்யும் புளிப்புக் கீரைச் செடிதான். அதன் பூ வெளிர்மஞ்சள். தேநீருக்கு உலர்த்தப்படுவது பூவிதழ் அன்று, காயைச் சுற்றிச் சிவந்து தடித்திருக்கும் புல்லிவட்டம். எகிப்திலும் சூடானிலும் கர்கடே என்றும், செனகலில் பிசாப் என்றும் மக்கள் அன்றாடம் குடிக்கும் பானம் இதிலிருந்துதான் வருகிறது. செம்பரத்தையிலோ நாம் எடுப்பது ஒரே நாளில் விரிந்து வாடிவிடும் சிவந்த இதழ்களை.

கையிலிருப்பது எது என்று அறிய வெந்நீர் போதும். ரோசெல்லில் இயற்கையாகவே கரிம அமிலங்கள் மிகுந்திருப்பதால் நீர் உடனே மாணிக்கச் சிவப்பாகிப் புளிக்கும். செம்பரத்தை நீர் மங்கிய ஊதா கலந்த நிறத்தில், ஏறக்குறையச் சுவையற்று, சற்றுக் கொழகொழப்பாக இருக்கும். எலுமிச்சைச் சாறு பிழிந்த பிறகுதான் பளிச்சென்று சிவக்கும். அமிலத்தில் கருஞ்சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறும் இந்த நிறமியைத்தான் பள்ளி ஆய்வகத்தில் மாணவர்கள் நிறங்காட்டியாகப் பயன்படுத்துகிறார்கள்.

இரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை ரோசெல்லுக்கே முதலிடம் தருவேன். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், அழுத்தம் சற்றே உயர்ந்திருந்த 65 பேர் 6 வாரம் பங்கேற்றனர். நாளுக்கு 3 கோப்பை ரோசெல் தேநீர் குடித்தவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 7.2 மி.மீ. குறைந்தது, போலிப் பானம் குடித்தவர்களுக்கு 1.3 மி.மீ. மட்டுமே குறைந்தது. மிதமான பலன்தான், மாத்திரையை நிறுத்துவதற்கு இது காரணமாகாது. மாறாக, ஏற்கெனவே அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் இதையும் சேர்த்துக் குடிப்பதற்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நாள்தோறும் பலமுறை பருகினால் இந்தப் புளிப்பு பல்லின் எனாமலையும் அரிக்கக்கூடும்.

தலைமுடிக்கு வந்தால் செம்பரத்தைக்கு இணையில்லை. இலையையும் பூவையும் கசக்கினால் வரும் வழுவழுப்பான பசைப்பொருள் அழுக்கை அகற்றுவதோடு முடியைச் சிக்கில்லாமல் மென்மையாகவும் வைத்திருப்பதால், ஷாம்பு வருவதற்கு வெகுகாலம் முன்பே கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அது தாளி எனப்படும் வழுவழுப்பான சாறாகவும் அரைப்பாகவும் தலையில் தேய்க்கப்பட்டது. பூவைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சுவதையே பெரும்பாலோர் மேலானதாக நினைக்கிறார்கள். ஆனால் சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பூவின் சாற்றைவிட இலையின் சாறே முடி வளர்ச்சியை அதிகம் தூண்டியது. அது எலிகளில் செய்த சோதனை. மனிதருக்கு அதே அளவில் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் பூவைத் தேடி அலைந்து இலையை ஒதுக்குவோர் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்ள இது போதிய காரணம். எண்ணெய் காய்ச்சுவதானால் ஈரம் முழுவதும் வற்ற வேண்டும். இல்லையென்றால் எண்ணெய் சில நாளிலேயே கெட்டுவிடும்.

உள்மருந்தாகச் செம்பரத்தைக்கு மரபு வேறு இடம் தருகிறது: உடற்சூடு, நீர்க்கடுப்பு, பெரும்பாடு எனப்படும் மிகையான மாதவிடாய்ப் போக்கு. இதற்குப் பல அடுக்குப் பூவை விட்டு, ஐந்து இதழுள்ள ஒற்றை அடுக்குச் சிவப்புப் பூவையே வைத்தியர்கள் கேட்பார்கள். மகளிர் நோய்க்கான மருந்து என்பதாலேயே இதில் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. பூவின் சாறு கரு தங்குவதைத் தடுப்பதாக விலங்குச் சோதனைகள் காட்டியிருப்பதால், கருவுற்றிருப்பவர்களும் கருத்தரிக்க விரும்புபவர்களும் இதை உள்ளுக்கு எடுக்கக் கூடாது. ரோசெல் தேநீரையும் அவர்கள் தவிர்ப்பதே பாதுகாப்பு.

இரண்டையும் வாங்குபவர்கள் உறையின் முன்பக்கப் படத்தை நம்ப வேண்டாம். பெரிய சிவப்புச் செம்பரத்தையை அச்சிட்டு உள்ளே ரோசெல்லை அடைப்பது சாதாரணமாகிவிட்டது. பின்பக்கத்தில் சப்டாரிஃபா என்றிருக்கிறதா, ரோசா-சைனென்சிஸ் என்றிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். செம்பரத்தைதான் வேண்டுமென்றால், பூச்சிமருந்து தெளிக்காத செடியில் காலையில் விரிந்த பூவைப் பறித்து, மகரந்தத் தண்டை நீக்கிவிட்டு, அன்றே பயன்படுத்துவது நல்லது.