வம்சாவளியை எங்கே ஏற்றுவது? கூட்டு மரமா, தனி மரமா, வீட்டுக் கணினியா?

எங்கள் வீட்டுப் பீரோவில் ஒரு பழைய கிரயப் பத்திரம் இருக்கிறது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்துபோய், பின்பக்கம் காகிதம் ஒட்டிக் காப்பாற்றி வைத்திருக்கிறோம். இன்னார் குமாரர் இன்னார் எழுதிக்கொடுத்தது என்று தொடங்கி, ‘பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்ட’ நிலம், அதாவது முன்னோர் வழியாக வந்த நிலம், என்று வரும் இடத்தில் பாட்டனார் பெயரும் வந்துவிடுகிறது. ஒரே பத்திரத்தில் மூன்று தலைமுறை. இதை இணையத்தில் ஏற்றலாம் என்று உட்கார்ந்தபோதுதான், எந்த இடத்தில் ஏற்றுவது என்ற கேள்வி வந்தது.

முதலில் பார்க்க வேண்டியது தளத்தின் பெயரை அல்ல, மரம், அதாவது அங்கே நாம் வரையும் வம்சாவளிப் படம், யாருடையது என்பதை. ஃபேமிலிசர்ச், விக்கிட்ரீ, ஜெனி மூன்றும் கூட்டு மரங்கள். உலகத்துக்கே ஒரு மரம், ஒரு மனிதருக்கு ஒரு பக்கம். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பக்கத்தில் நீங்கள் எழுதியதை வேறொரு பங்காளி வந்து திருத்தலாம். ஆன்செஸ்ட்ரியும் மைஹெரிடேஜும் அப்படியல்ல. உங்கள் மரம் உங்களுடையது, அடுத்தவர் அதைப் பார்த்துத் தகவல் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். மூன்றாவது வழி கிராம்ப்ஸ். இது இணையதளமே இல்லை. நம் கணினியில் நிறுவிக்கொள்ளும் இலவச மென்பொருள்.

கூட்டு மரத்தில் நமக்கு இருக்கும் சிக்கலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். எடுத்துக்காட்டுக்கு, சுப்பிரமணியன் மகன் ராமசாமி என்று வைத்துக்கொள்வோம். அவர் சு. ராமசாமி. அவர் மகனுக்குத் தாத்தா பெயர், ஆக ரா. சுப்பிரமணியன். அவருடைய மகன் மறுபடி சு. ராமசாமி. ஊரும் ஒன்று, தலைப்பெழுத்தும் ஒன்று, அப்பா பெயரும் ஒன்று. பிறந்த வருடம் சரியாகத் தெரியாத காலத்து ஆட்கள் வேறு. கணினி இரண்டு பேரையும் ஒரே ஆள் என்று நினைத்து, இணைக்கலாமா என்று கேட்கும். எங்கள் குடும்பத்தில் இதுவே நடந்தது. ஒரு தளத்தில் முகம் தெரியாத யாரோ ‘ஆம்’ என்று அழுத்திவிட, பாட்டியும் பேரன் மனைவியும் ஒரே மனிதரின் இரண்டு மனைவிகளாக நின்றார்கள். பிரித்தெடுக்க இரண்டு வாரம் ஆனது. அன்றிலிருந்து பெயரோடு ஊர், பிறப்பு வரிசை, மனைவி பெயர் மூன்றையும் சேர்க்காமல் யாரையும் நான் ஏற்றுவதில்லை.

மூன்று கூட்டு மரங்களும் ஒரே தரம் இல்லை. ஃபேமிலிசர்ச் முழுக்க இலவசம். அமெரிக்காவின் யூட்டாவில் 1894-ல் தொடங்கிய சங்கத்தின் வழிவந்தது, மார்மன் திருச்சபை நடத்துகிறது. உலகெங்கும் படமெடுத்த பழைய பதிவேடுகள் அதன் பெரிய பலம். உயிரோடு இருப்பவர்களின் விவரம் அங்கே பொதுப்பார்வைக்கு வராது. விக்கிட்ரீ 2008-ல் வந்தது, அதுவும் இலவசம். ஒவ்வொரு தகவலுக்கும் ஆதாரம் கேட்கும் ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் பிறப்புக் குடும்பப்பெயர் என்று ஒன்றைக் கட்டாயம் கேட்கும். நம்மில் பலருக்கு அப்படி ஒன்று இல்லை, அப்பா பெயரைத்தான் அங்கே போட வேண்டும். அப்புறம் ஒரே வம்சம் தலைமுறைக்கு ஒரு குடும்பப்பெயரோடு சிதறிக் கிடக்கும். 2007-ல் தொடங்கிய ஜெனியை 2012-ல் மைஹெரிடேஜ் வாங்கிவிட்டது.

ஆன்செஸ்ட்ரி, மைஹெரிடேஜ் போன்ற தனி மரத் தளங்களுக்குச் சந்தா கட்டலாமா? தமிழ்நாட்டுக் கிராமத்து வேளாண் குடும்பத்துக்கு வேண்டாம் என்பேன். ஆன்செஸ்ட்ரியின் செல்வம் பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டிஷ் ஆவணங்களில் இருக்கிறது. நம் ஆதாரம் பத்திரத்திலும் மொய் நோட்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் இருக்கிறது, கிறிஸ்தவக் குடும்பமென்றால் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில். மைஹெரிடேஜ் இலவசக் கணக்கில் 250 பேர் வரை சேர்க்கலாம். ஒரு தாத்தாவின் பங்காளிகளையும் சம்பந்தி வீடுகளையும் எழுதினாலே அது நிறைந்துவிடும். அந்தத் தளத்தின் 9 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களின் மின்னஞ்சல்கள் வெளியே கசிந்தது 2018-ல் தெரியவந்ததையும் மனதில் வைக்க வேண்டும்.

கடல் கடந்து போனவர்களின் வாரிசுகளுக்குக் கூட்டு மரம் விஷயத்தில் என் பதில் தலைகீழ். சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் 1860 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நின்றது. அதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். அந்தக் கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் எண், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எழுதப்பட்டிருக்கிறது. மொரீஷியஸில் மகாத்மா காந்தி நிறுவனம் குடியேற்றப் பதிவேடுகளைப் பாதுகாக்கிறது. டர்பனில் இருப்பவரும் ஆர்க்காட்டில் இருப்பவரும் ஒருவரையொருவர் கண்டுபிடிக்கக் கூட்டு மரத்தைவிட நல்ல இடம் இல்லை. அவர்கள் தயங்காமல் ஃபேமிலிசர்ச்சில் ஏற்றட்டும், கப்பல் பட்டியலில் உள்ள எண்ணையும் சேர்த்து.

சரி, கிராம்ப்ஸுக்கு வருவோம். பெயர்ப் பகுதியில் ‘தந்தைவழிப் பெயர்’ என்று குறிக்கவே அதில் தனி வசதி உண்டு. தமிழில் தட்டினால் தமிழிலேயே நிற்கிறது. ஒவ்வொரு தகவலுக்கும் பூட்டுக் குறி போடலாம், வெளியே அனுப்பும்போது பூட்டியதும் உயிரோடு இருப்பவர்களும் விடுபடும்படி செய்யலாம். சுவீகாரம், மணமுறிவு, சின்ன வயதில் இறந்த குழந்தை என்று எல்லா வீட்டிலும் சொல்லாத செய்திகள் உண்டு, அவற்றுக்கு இது வேண்டும். குறை என்றால், பழக ஒரு வாரம் ஆகும், திரையும் வறண்டு கிடக்கும். நம் கணினியில் மட்டும் வைத்திருந்தால் வெளிநாட்டுத் தங்கை அங்கிருந்தே திருத்த முடியாது.

எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்று. அத்தை மகளும் சித்தி மகளும் இவற்றுக்கு ஒரே கசின். நமக்கு ஒருத்தி முறைப்பெண், இன்னொருத்தி தங்கை. அத்தை மகளைக் கட்டினால் பிள்ளைக்குக் கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டிகள் 8 பேருக்குப் பதில் 6 பேர். அதைச் சில வரைபடங்கள் ஒரே ஆளை இரண்டு பெட்டியில் போட்டுக் காட்டும், பிழை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

எங்கே ஏற்றினாலும் கெட்காம் கோப்பாக ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வம்சாவளித் தளங்கள் ஏற்கும் பொது வடிவம் அது, 1984-லிருந்து இருக்கிறது. பரவலாகப் புழங்கும் 5.5.1 வடிவக் கோப்புக்குள் படங்கள் வராது, புகைப்படங்களைத் தனியே சேமிக்க வேண்டும்.

நான் இப்போது மூலத்தைக் கிராம்ப்ஸில் வைத்திருக்கிறேன். இறந்தவர்களை மட்டும், பத்திர ஆதாரத்தோடு, ஃபேமிலிசர்ச்சில் ஏற்றுகிறேன். உயிரோடு இருப்பவர்கள் எங்கள் வீட்டு அச்சுப் பிரதியில் மட்டும். போன சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலில் அதை விரித்து வைத்தேன். பெரிய அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பென்சில் கேட்டார். இரண்டு பெயரை அடித்துத் திருத்தினார். அப்புறம் ஓரத்தில், யாருக்கும் தெரியாத தன் அக்கா ஒருத்தியின் பெயரை எழுதினார்.