ஏழு வருடத்தில் மூன்று கார் சீட்: எது உழைத்தது, எது படுத்தியது

மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று. இந்த ஏழு வருடத்தில் எங்கள் காரில் மூன்று விதமான குழந்தை சீட்டைப் பயன்படுத்தியிருக்கிறோம். கைப்பிடி வைத்துத் தூக்கிக்கொண்டு போகிற கைக்குழந்தை சீட் ஒன்று, சுழலும் சீட் ஒன்று, இப்போது மகள் உட்காருகிற, குழந்தையை உயர்த்தி உட்கார வைக்கிற, முதுகு வைத்த பூஸ்டர். புதிதாகக் குழந்தை பிறந்த நண்பர்கள் எல்லோரும் "எந்தக் கம்பெனி வாங்கலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். நான் பதிலுக்கு "கார் எது, குழந்தை என்ன உயரம்?" என்று கேட்பேன். எங்கள் காரில் கச்சிதமாக உட்கார்ந்த சீட் உங்கள் காரில் ஆடலாம், அதனால் கம்பெனிப் பெயர் எதையும் இங்கே எழுதவில்லை, ஒவ்வொரு வகையும் எங்களுக்கு எப்படி இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் கைக்குழந்தை சீட். மகள் பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பு தெரிந்தவர் ஒருவர் தான் பயன்படுத்திய சீட்டை அன்போடு கொடுத்தார். பார்க்கப் புதிது மாதிரியே இருந்தது, ஆனால் பின்னால் ஒட்டியிருக்க வேண்டிய லேபிள் கிழிந்து போயிருந்தது. தயாரித்த தேதி தெரியவில்லை, எந்தத் தரத்துக்குச் சோதித்தது என்றும் தெரியவில்லை, அதற்கு முன்னால் அது யாரிடம் இருந்தது, விபத்தில் அடிபட்டதா என்பதை அவராலும் சொல்ல முடியவில்லை. நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டோம். மனசுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் பெரிய மோதலைத் தாங்கிய சீட்டின் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், அதைத் துணி மூடியிருக்கும். பழைய சீட் வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. அதன் முழுக்கதையும் தெரிந்த, நம்பிக்கையான ஒருவரிடமிருந்து, லேபிளும் கையேடும் இருந்து, ஆயுள் தேதியும் தாண்டாமல் இருந்தால் வாங்கலாம். அப்படித்தான் மகளுக்கு வாங்கிய சீட்டையே மகனுக்கும் பயன்படுத்தினோம்.

அந்தச் சீட்டைப் பற்றி எனக்குப் பெரிய குறையே இல்லை. குழந்தை தூங்கினால் எழுப்பாமல் அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் இந்த வசதியில் ஓர் ஆபத்து இருப்பதை யாரும் கடையில் சொல்வதில்லை. பச்சைக் குழந்தை அரை உட்காரலாகவே நீண்ட நேரம் இருந்தால் தலை முன்னால் சரிந்து, தாடை மார்பில் பட்டு, மூச்சுக்குழாய் மடங்கக்கூடும். வீட்டுக்குள் கொண்டு வந்த பிறகும் "தூங்கட்டும்" என்று சீட்டிலேயே விடுவது நல்லதில்லை, எடுத்துத் தட்டையாகப் படுக்க வைக்க வேண்டும். பயணத்திலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வைக்க வேண்டாம் என்பது பொதுவாகச் சொல்லப்படுகிற அளவு. பிறந்த முதல் வாரங்களில் அதையும் குறைத்துக்கொள்வது நல்லது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் வீட்டுக்குக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். நாங்கள் நீண்ட பயணங்களில் அலாரம் வைத்து வண்டியை நிறுத்தினோம், பால் கொடுக்கவும் அதுவே நேரமாக அமைந்தது.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதில் விதிவிலக்கே கிடையாது. பின்னோக்கிய சீட்டை, அதாவது குழந்தை காரின் பின்பக்கம் பார்த்து உட்காருகிற சீட்டை, ஏர்பேக் வேலை செய்கிற முன் இருக்கையில் வைக்கவே கூடாது. ஏர்பேக் விரிகிற வேகம் சீட்டின் முதுகில், அதாவது குழந்தையின் தலைக்குப் பின்னால், நேராக வந்து அடிக்கும். மடியில் வைத்துக்கொள்வதும் அப்படித்தான். மோதும் நொடியில் குழந்தையைப் பிடித்துவைக்கிற பலம் எந்த அம்மாவின் கைக்கும் கிடையாது.

அடுத்தது சுழலும் சீட், அதிகக் காலம் பயன்படுத்தியதும் அதிகம் யோசித்து வாங்கியதும் இதுதான். மகளுக்குப் பதினான்கு மாதம் இருக்கும்போது வாங்கினோம். லேபிளில் ஆர்129 என்று போட்டிருந்தது. இது 2013-ல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. தரவிதி, ஐ-சைஸ் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். அதற்கு முந்தைய ஆர்44 எடையை வைத்துப் பிரித்தது: 13 கிலோ வரை ஒன்று, 9 முதல் 18 கிலோ வரை இன்னொன்று, இப்படி. ஆர்129 உயரத்தை வைத்துப் பிரிக்கிறது, பக்கவாட்டு மோதல் சோதனையைக் கட்டாயமாக்குகிறது, 15 மாதம் முடியாத குழந்தையை முன்னோக்கி உட்கார வைக்க அனுமதிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 செப்டம்பர் முதல் பழைய ஆர்44 சீட்டுகளைப் புதிதாக விற்க முடியாது. உயரத்தை வைத்து வாங்குவது பெற்றோருக்கும் சுலபம், சுவரில் நிறுத்திக் கோடு போட்டால் போதும்.

கடையில் விற்பவர் முதலில் வேறொரு சுழலும் சீட்டைக் காட்டி, "இது எல்லாக் காருக்கும் பொருந்தும்" என்று அடித்துச் சொன்னார். நல்லவேளை, வாங்கும் முன் காரில் வைத்துப் பார்க்கிறோம் என்று பிடிவாதமாக நின்றோம். அந்தச் சீட்டுக்கு முன்னால் தரையில் ஊன்றுகிற சப்போர்ட் லெக் இருந்தது. எங்கள் காரில் பின் இருக்கைக்கு முன்னால், கால் வைக்கிற இடத்தில், மூடி போட்ட ஒரு சேமிப்புப் பெட்டி இருக்கிறது. அந்த மூடிக்குக் கீழே வெற்றிடம். மோதலின்போது அந்தக் காலில் இறங்குகிற அழுத்தத்தை மூடி தாங்காது. காரின் கையேட்டை எடுத்துப் பார்த்தால், அந்த இடத்தில் சப்போர்ட் லெக் வைக்கக்கூடாது என்று தெளிவாகவே எழுதியிருந்தது. கடைசியில் சப்போர்ட் லெக் இல்லாமல் டாப் டெதர் என்ற மேல்பக்கப் பட்டையால் காரோடு கட்டுகிற இந்தச் சுழலும் சீட்டைத் தேடி வாங்கினோம். காரின் கையேட்டைப் பிரிக்காமல் சீட் வாங்காதீர்கள். ஐசோஃபிக்ஸ் (பெல்ட் இல்லாமல் சீட்டை நேரடியாகக் காரோடு மாட்டுகிற) கொக்கி எந்தெந்த இருக்கையில் இருக்கிறது (நடு இருக்கையில் பல கார்களில் இருக்காது), டெதர் மாட்டும் வளையம் எங்கே என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். டெதர் வளையம் என்று நினைத்துச் சாமான் கட்டுகிற வளையத்தில் மாட்டிவிடுவதும் நடக்கிறது, கவனம்.

சுழல்வது உண்மையிலேயே நன்றாக இருக்கிறதா? இருக்கிறது. கதவுப் பக்கம் திருப்பி, குழந்தையை நேராக உட்கார வைத்து, இரண்டு கையாலும் பட்டையை இழுத்து மாட்டலாம். மகன் வயிற்றில் இருந்தபோது, குனிய முடியாத மாதங்களில், இது எனக்குப் பெரிய உதவி. ஆனால் இதே சுழற்சிதான் இந்த வகைச் சீட்டில் எனக்குப் பிடிக்காத விஷயமும். ஒரு பட்டனை அழுத்தினால் முன்னோக்கித் திரும்பிவிடும் என்பதால், குழந்தை ஒரு நாள் அழுதாலே திருப்பிவிடத் தோன்றும். அத்தை முதல் வாரமே சொன்னார், "குழந்தை காலை மடக்கிக்கிட்டுக் கஷ்டப்படுதே, முன்னால பாக்கட்டுமே." அத்தைக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறேன்.

சின்னக் குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை மிகப் பெரியது, பிறக்கும்போது மொத்த நீளத்தில் கிட்டத்தட்ட கால்வாசி தலைதான். கழுத்தெலும்புகள் முழுசாக இறுகியிருக்காது, இடையிடையே குருத்தெலும்புதான். முன்பக்கம் மோதும்போது, முன்னோக்கி உட்கார்ந்த குழந்தையின் உடம்பைப் பட்டை பிடித்துக்கொள்ளும், ஆனால் தலையைப் பிடிக்க எதுவும் இல்லை, கழுத்துதான் இழுபடும். பின்னோக்கி உட்கார்ந்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒன்றாகச் சீட்டுக்குள் அழுந்தும், வேகம் முதுகு முழுவதும் பரவிவிடும். இது புதுக் கண்டுபிடிப்பு கூட இல்லை. ஸ்வீடனில் பெர்ட்டில் ஆல்ட்மன் என்ற பேராசிரியர் 1964-லேயே பின்னோக்கிய சீட்டின் மாதிரியைச் செய்துவிட்டார், அமெரிக்காவின் ஜெமினி விண்கலத்தில் விண்வெளி வீரர்கள் முதுகு சாய்த்துப் படுத்திருந்த விதம்தான் அவருக்கு யோசனை கொடுத்தது. இன்றும் அந்த நாட்டில் நான்கு வயது வரை பின்னோக்கியே வைப்பது சாதாரணம். கால் மடங்குவது பெரியவர்களின் கண்ணுக்குத்தான் உறுத்துகிறது, குழந்தைகள் தரையில் உட்கார்ந்தாலும் சம்மணம் போட்டுத்தானே விளையாடுகிறார்கள். அத்தை கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த நாள் மகளுக்குக் கால் பக்கம் போர்த்த ஒரு சின்னப் போர்வை கொண்டு வந்து வைத்தார். மகள் 104 செ.மீ. ஆகும் வரை, நான்கு வயதும் சில மாதமும், பின்னோக்கியே வந்தாள். மகனும் இப்போது அப்படித்தான் வருகிறான்.

இந்தச் சீட்டில் எடைக் கணக்கும் ஒன்று உண்டு. ஆர்129-ன்படி, ஐசோஃபிக்ஸில் மாட்டி, சீட்டின் சொந்தப் பட்டையால் குழந்தையைக் கட்டுகிற வகையில், சீட்டும் குழந்தையும் சேர்ந்து 33 கிலோவைத் தாண்டக்கூடாது. சுழலும் சீட்டுகள் கனமானவை, எங்களுடையது 15 கிலோ, ஆகவே குழந்தைக்கு 18 கிலோதான் மிச்சம். உயரம் இன்னும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே எடை முடிந்துவிடலாம். குழந்தை கொஞ்சம் திடமாக இருந்தால் வாங்கும்போதே இதைப் பாருங்கள்.

சரி, எந்தச் சீட்டாக இருந்தாலும் தினமும் செய்கிற வேலையில்தான் தப்பு நடக்கிறது. நானே பல மாதம் பட்டையைத் தளர்வாகத்தான் போட்டிருக்கிறேன், இறுக்கினால் வலிக்கும் என்ற பயத்தில். காறையெலும்புக்கு நேராகப் பட்டையைச் செங்குத்தாகக் கிள்ளிப் பாருங்கள், விரலுக்குள் மடிப்பு வந்தால் இன்னும் இழுக்க வேண்டும். பின்னோக்கி இருக்கும்போது பட்டை தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழேயிருந்தோ வர வேண்டும், முன்னோக்கி என்றால் தோளுக்குச் சமமாகவோ சற்று மேலேயிருந்தோ. தடித்த ஸ்வெட்டர், பஞ்சு வைத்த கோட்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். மோதும்போது அந்தப் பஞ்சு நசுங்கி, இறுக்கமாக இருந்த பட்டை லொடலொடவென்று ஆகிவிடும். எனக்கு நம்பிக்கை வராமல் ஒருநாள் சோதித்தேன்: கோட்டோடு மாட்டி இறுக்கினேன், பட்டையின் அளவை மாற்றாமல் மகளை எடுத்து, கோட்டைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார வைத்தேன். பட்டைக்கும் அவளுக்கும் நடுவே என் முழுக்கை போயிற்று. அன்றிலிருந்து பட்டை மாட்டிய பிறகு மேலே போர்வை, அவ்வளவுதான். சீட்டோடு வராத தலையணை, பட்டைக்கு உறை, அடியில் மெத்தை என்று அழகழகாக விற்கிறார்கள், அவை எதுவும் உங்கள் சீட்டோடு சேர்த்துச் சோதிக்கப்பட்டவை இல்லை. பட்டையைச் சோப்பில் ஊறப்போடவும் கூடாது, நார் பலம் இழந்துவிடும், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

மூன்றாவது பூஸ்டர். மூன்றில் மிக எளிமையானது, அதனாலேயே அலட்சியம் அதிகம். இதன் வேலையே குழந்தையை உயர்த்தி, காரின் பெல்ட் சரியான எலும்பில் விழும்படி செய்வதுதான். கீழ்ப்பட்டை இடுப்பெலும்பில், தொடையைத் தொட்டபடி இருக்க வேண்டும், வயிற்றில் ஏறினால் மோதும்போது குடலும் முதுகெலும்பும் காயப்படும். மேல்பட்டை தோளின் நடுவில் போக வேண்டும். முதுகு இல்லாத பூஸ்டரையும் பார்த்தோம், சின்னதாக, தூக்கிப் போக வசதியாக இருந்தது, வேண்டாம் என்று விட்டுவிட்டோம். மகள் வண்டியில் ஏறியதும் தூங்குகிறவள். முதுகும் பக்கச் சிறகும் இல்லாவிட்டால் தூக்கத்தில் சரிந்து பெல்ட்டுக்கு வெளியே வந்துவிடுவாள். இப்போது வாங்கியதில் ஒரே குறை, தோள் பெல்ட் போகிற வழிகாட்டி கொக்கியில் பெல்ட் சில நேரம் மாட்டிக்கொண்டு உள்ளே சுருண்டு போகாமல் தளர்ந்து நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்துப் பார்க்கிறேன். வாங்கும்போது ஐந்தாறு முறை பெல்ட்டை இழுத்து விட்டுப் பாருங்கள், தானாக உள்ளே போக வேண்டும். ஐசோஃபிக்ஸ் இல்லாத பூஸ்டர் என்றால் குழந்தை இல்லாத நாளிலும் பெல்ட் போட்டு வையுங்கள், இல்லையென்றால் திடீர் பிரேக்கில் அதுவே பறந்து வரும்.

எதுவரை பூஸ்டர் என்பதில் நாட்டுக்கு நாடு விதி வேறு. ஜெர்மனியில் 12 வயது அல்லது 150 செ.மீ., பிரிட்டனில் 12 வயது அல்லது 135 செ.மீ., ஆஸ்திரேலியாவில் 7 வயது வரை குழந்தை சீட் கட்டாயம். இந்தியாவில் 2019 திருத்தச் சட்டம் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு பெல்ட் அல்லது குழந்தை சீட் இருக்க வேண்டும் என்கிறது. இவ்வளவு வித்தியாசம் இருப்பதைப் பார்த்தாலே, சட்டம் சொல்வது குறைந்தபட்சம் என்று புரியும், பெல்ட் சரியாக விழுகிறதா என்பதை உங்கள் கண்தான் பார்க்க வேண்டும். நான் பார்க்கிற விதம் இது: பூஸ்டர் இல்லாமல் காரின் இருக்கையில் முதுகு முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்தால் முழங்கால் இருக்கையின் விளிம்பில் மடங்குகிறதா, கீழ்ப்பட்டை இடுப்பில் நிற்கிறதா, மேல்பட்டை கழுத்தை உரசாமல் தோளில் போகிறதா, பயணம் முடியும் வரை வழுக்காமல் அப்படியே உட்கார முடிகிறதா. பெரும்பாலான குழந்தைகளுக்கு இது 145 செ.மீ. பக்கம்தான் கைகூடும். கழுத்தை உரசுகிறது என்று மேல்பட்டையை அக்குளுக்குக் கீழே போட்டுவிடுவது மிகவும் ஆபத்து, மேலுடம்பைப் பிடிக்க ஒன்றுமே இருக்காது.

மகளுக்கு இப்போது 122 செ.மீ. வகுப்பில் சிலர் பூஸ்டர் இல்லாமல் வருகிறார்களாம், போன வாரம் கேட்டாள். பூஸ்டரை எடுத்துவிட்டு உட்கார வைத்துப் பெல்ட் போட்டுக் காட்டினேன். கீழ்ப்பட்டை நேராகத் தொப்புளுக்குப் போயிற்று, மேல்பட்டை கன்னத்துக்குக் கீழே. "கழுத்தை அறுக்குதும்மா" என்று அவளே சொல்லிவிட்டு, இறங்கிப் போய்ப் பூஸ்டரைத் தூக்கி வந்தாள்.