பச்சை உடம்புக்காரிக்கு மனம் தடுமாறினால்: ஏர்வாடியா, ராம்நாடா, பெங்களூரா?

பிள்ளை பெற்ற நாலாம் நாள் தூக்கம் அறவே போகிறது. ஏழாம் நாள், “இது எம் புள்ளையே இல்ல, மாத்திட்டாங்க” என்கிறாள். எங்கள் கரையில் இதைக் ‘காத்து கருப்பு’ என்பார்கள். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும் மனநோய் இது. தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து உண்டு; காத்திருந்து பார்க்கிற சங்கதி அல்ல.

ஏர்வாடி தர்காவில் இப்போது துவாவோடு, அதாவது வேண்டுதலோடு, மருந்தும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தனியார் காப்பகமொன்றில் தீப்பிடித்து, சங்கிலியோடு கிடந்த மனநோயாளிகள் 28 பேர் கருகியபின் வந்த மாற்றம். வேண்டிக்கொள்வதை நான் தடுக்க மாட்டேன். ஆனால் முதலில் போகவேண்டிய இடம் அதுவல்ல. கிருமித் தொற்றுக் காய்ச்சலும், மூளை ரத்தக்குழாய் அடைப்பும்கூட இதே பிதற்றலாய்த்தான் தெரியும். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும்தான் பிரித்துச் சொல்லும். அதற்கு ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி பக்கம். சோறு கொண்டுபோகவும் ஆள் உண்டு.

குறை ஒன்றுதான்: பொது மனநல வார்டில் கைக்குழந்தைக்கு இடமிருப்பது அரிது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக்கூடாது என்கிறது 2017 மனநலச் சட்டம். பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்கிற மத்திய அரசு மனநல ஆஸ்பத்திரியில் தாய்–சேய் வார்டு உண்டு. பிள்ளையைப் பக்கத்தில் வைத்தே, கண்காணிப்போடு, தூக்கவும் பாலூட்டவும் பழக்குவார்கள். ஆனால் கடலுக்குப் போகிறவனுக்கு அங்கே தங்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் போன நாள். இங்கே சிகிச்சை தொடங்கிவிட்டு, மசியாவிட்டால் அங்கே போவதே என் கணக்கு.

மருந்தில்தான் வீட்டுச் சண்டை. பிதற்றலைத் தணிக்கும் ஓலன்சபின் போன்ற மாத்திரைகள் பாலில் குறைவாகவே இறங்கும். மருத்துவர் சொன்னபடி தாய்ப்பால் தரலாம். மனநிலையைச் சீராக்கும் லித்தியம் என்ற மருந்தும் நன்றாகக் கேட்கும். ஆனால் பாலில் இறங்கும். அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும். நம் வெயிலில் வியர்த்து உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் அதன் அளவு எகிறிவிடும். ஆகவே குடிதண்ணீருக்குக் குடத்தோடு அலையும் வீட்டில் எனக்கு அது இரண்டாம் தேர்வுதான்.

‘கரண்ட் வைக்கிறது’, அதாவது மின் அதிர்வுச் சிகிச்சை என்றால் எல்லோரும் மிரள்வார்கள், சினிமா பார்த்த பயம். மயக்க மருந்தும் தசைத் தளர்ச்சி மருந்தும் தராமல் அதைச் செய்யவே சட்டம் விடாது. வாரம் இரண்டு மூன்று தடவை, பொதுவாக ஆறிலிருந்து பன்னிரண்டு வரை. கொஞ்ச நாளைய நினைவு மங்கலாம். ஆனால் சோறு தண்ணி விட்டுக் கிடப்பவளுக்கும், சாகப்போகிறேன் என்பவளுக்கும் மாத்திரையைவிடச் சீக்கிரம் பிடிப்பது அதுதான். மயக்கம் தெளிந்தபின் பிள்ளைக்குப் பாலும் கொடுக்கலாம்.

நள்ளிரவில் யாரைக் கேட்பது என்றால், 14416. டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். பிதற்றல் முற்றியிருந்தால் அதற்கும் காத்திராமல் 108. வண்டி வரும்வரை பிள்ளையோடு அவளைத் தனியே விடவேண்டாம்.