அப்பாவின் குழறலைப் புரிந்துகொள்ளும் போன்: ‘வோக்கல் ஷார்ட்கட்ஸ்’ பயன்படுத்திய அனுபவம்

பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு குழறிப்போன என் அப்பாவுக்காக, ஐபோனில் இருக்கும் ‘வோக்கல் ஷார்ட்கட்ஸ்’ என்ற வசதியைப் பல மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். இதே நிலையில் ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

பக்கவாதம் வந்தால் பேச்சு ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை. சிலருக்குச் சொல்ல வேண்டிய வார்த்தையே மனதில் வராது. அதை அஃபேசியா என்கிறார்கள். சிலருக்கு வார்த்தை எல்லாம் உள்ளே சரியாக இருக்கும், நாக்கும் உதடும்தான் ஒத்துழைக்காது. அது டிஸ்ஆர்த்ரியா. அப்பாவுக்கு இரண்டாவது வகை. திண்டுக்கல் – பழனி வழித்தடத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முன்படிக்கட்டில் நின்று பேசினால் கடைசி சீட் வரைக்கும் கேட்கும் குரல். இப்போது ‘தண்ணி’ என்று சொன்னால் பாதி காற்றோடு ‘அண்ணி’ என்று வருகிறது. என்ன கேட்கிறோம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும், கேட்கிற எங்களுக்குத்தான் புரியாது. கட்டிலோரம் ஒரு காலிங் பெல் வைத்தோம். அடித்தால் எல்லோரும் ஓடுவோம், ஆனால் எதற்கு அடித்தார் என்று கண்டுபிடிப்பதற்குள் அவருக்கும் கோபம் வந்துவிடும், எங்களுக்கும் அழுகை வந்துவிடும்.

இந்த வசதி 2024-ல், ஐபோனை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ்-இன் 18-ஆம் பதிப்போடு வந்தது. செட்டிங்ஸில் அக்ஸஸிபிலிட்டிக்குள் இருக்கிறது. என்ன வேலை நடக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்து, அதற்கு ஒரு பெயர் தட்டச்சு செய்து, அதற்கான சத்தத்தை மூன்று முறை சொல்லிக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். அடுத்த முறை அந்தச் சத்தம் காதில் விழுந்தால் போன் அந்த வேலையைச் செய்யும். எனக்கு மிகவும் பிடித்தது இந்த இடம்தான். அவர் எப்படிச் சொல்கிறாரோ அதையே போன் கற்றுக்கொள்கிறது. நாங்கள் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்துவிட்டு, அப்பாவைத் தமிழில் அவர் போக்கில் சொல்ல விட்டோம். இந்த வேலையெல்லாம் போனுக்குள்ளேயே நடப்பதால் அவர் குரல் எங்கோ ஒரு சர்வருக்குப் போகிறதோ என்ற கவலையும் இல்லை.

அதை அவருக்கான பேச்சாக மாற்ற இன்னொரு படி தேவை. ‘ஷார்ட்கட்ஸ்’ செயலியில், எழுதிக் கொடுத்ததை வாசிக்கும் கட்டளை ஒன்று இருக்கிறது. அதில் ‘தண்ணி வேணும்’, ‘பாத்ரூம் போகணும்’, ‘திரும்பிப் படுக்க வையுங்க’ என்று தனித்தனியாக எழுதி, தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் அப்பாவின் ஒவ்வொரு சத்தத்தோடு இணைத்தேன். ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரை அடுப்படியில் வைத்திருக்கிறோம். அப்பா அறையிலிருந்து ‘அண்ணி’ என்றால் அடுப்படியில் ‘தண்ணி வேணும்’ என்று தெளிவாகக் கேட்கிறது. என் எண்ணுக்கு கால் போவதற்கும் ஒரு சத்தம் வைத்திருக்கிறோம்.

எந்தச் சத்தம் எதற்கு என்பதை அவரே முடிவு செய்யட்டும் என்று விட்டது நல்லதாகப் போயிற்று. ‘உட்கார வையுங்க’ என்பதற்கு நான் ‘எழுப்பு’ என்று வைக்கப் பார்த்தேன். அப்பா தலையை ஆட்டிவிட்டு ‘ஆய்ட்’ என்றார். எனக்குப் புரியவில்லை. இடது கையால் கட்டில் விளிம்பை இரண்டு தட்டு தட்டிவிட்டு மறுபடி ‘ஆய்ட்’ என்றார். பஸ்ஸைக் கிளப்புகிற ‘ரைட்’! அப்படியே பதிவு செய்தோம். மூன்று முறையும் ஒரே மாதிரி வந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

பதிவு செய்யும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். ஒரே அசைச் சத்தம் வேண்டாம் என்பது பொது விதி. டிவியிலும் வீட்டுப் பேச்சிலும் அது அடிக்கடி வந்துவிடும். ‘ஆய்ட்’ விதிவிலக்கு, அதைப் போல வேறு யாரும் சொல்வதில்லை. அப்புறம், டிஸ்ஆர்த்ரியா உள்ளவர்களுக்குக் களைப்பு ஏற ஏறப் பேச்சு இன்னும் குழறும். காலையில் பதிவு செய்த அப்பாவின் குரலும் ராத்திரி எட்டு மணிக் குரலும் வேறு வேறு. அதனால் முக்கியமானவற்றுக்கு வேறு வேறு பெயரில் இரண்டு பதிவு வைத்தேன், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும். போனைத் தலைமாட்டில் சார்ஜரிலேயே போட்டு வையுங்கள்.

இந்த வசதி தமிழ் பேச்சு முழுவதையும் புரிந்துகொள்ளாது. சொல்லிக் கொடுத்த சத்தங்களை மட்டும்தான் அறியும். ‘நேத்து வந்த அந்தப் பையன் யாரு?’ என்று அப்பா கேட்டால் நாம்தான் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுக்க வேண்டும். குழறலான பேச்சு முழுவதையும் எழுத்தாக்கும் முயற்சிகள் நடக்கின்றன. கூகுள் 2021-ல் அறிவித்த ‘புராஜெக்ட் ரிலேட்’ செயலியில் 500 வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்தால் அது அவரவர் பேச்சுக்குப் பழகிக்கொள்ளும் என்றார்கள். அது ஆங்கிலத்தில் தொடங்கியது. இஸ்ரேலின் ‘வாய்ஸிட்’ நிறுவனமும் அதே வழிதான், பாட்டிக்குப் பக்கவாதம் வந்ததைப் பார்த்த பேரன் ஆரம்பித்தது. தமிழில், சென்னைக்குப் பக்கத்தில் எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியினர் டிஸ்ஆர்த்ரியா உள்ள 20 பேரின் பேச்சைப் பதிவு செய்து ஆய்வுக்கான தொகுப்பாகத் தந்திருக்கிறார்கள். இந்த வேலை பெருக வேண்டும், அது வீட்டுக் கட்டில் வரைக்கும் வந்து சேர வேண்டும் என்பது என் ஆசை.

குரலே எழுப்ப முடியாதவர்களுக்கும், பேச்சு வராத குழந்தைகளுக்கும் படத்தைத் தொட்டால் பேசும் ‘ஆவாஸ்’ செயலி இருக்கிறது. சென்னையில் உருவானது, தமிழிலும் கிடைக்கிறது. அப்பாவுக்கு வலது கை வராது என்பதால் தொடுகிற வழி எங்களுக்குச் சரிப்படவில்லை. வோக்கல் ஷார்ட்கட்ஸில் இன்னொரு நன்மையும் உண்டு. வேலை நடக்க வேண்டுமானால் அவர் வாயைத் திறந்தே ஆக வேண்டும். எங்கள் ஸ்பீச் தெரபிஸ்ட்டுக்கு அதில்தான் சந்தோஷம்.

விலைதான் தடை. இதற்காகப் புது ஐபோன் வாங்கச் சொல்ல மாட்டேன். நாங்கள் தம்பி மாற்றிய பழைய போனைத்தான் வைத்திருக்கிறோம். போன் கடையில் கேட்டால் விவரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நான் போன கடையில் இப்படி ஒரு வசதி இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. சொந்தக்காரர் யாரிடமாவது ஐஓஎஸ் 18 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு உள்ள போன் இருந்தால் ஒரு மதியம் கேட்டு வாங்குங்கள். ஒரே ஒரு சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். அன்று சாயங்காலம், அவர் களைத்திருக்கும் நேரத்தில் மறுபடி சொல்லச் சொல்லுங்கள். அப்போதும் போன் கேட்டுக்கொண்டால் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.